நோயும் ஒலிபரப்பும்

ஊர் அடங்கிய காலத்தில் வீடுதோறும் நுழையும் விருந்தாளி ஒலிபரப்பு ஒன்றே. 2020ஆம் ஆண்டுக் கொவிட் நோயின்போது எங்கள் பாலமுனை வைத்தியசாலை சிகிச்சை நிலையமாக மாறிற்று. கை கழுவுதலையும் விலகியிருத்தலையும் வானொலி ஓயாது போதித்தது, நன்று. ஆயினும், நாட்டின் சில தொலைக்காட்சிகள் நோயாளரின் சமயத்தையும் சேர்த்தே அறிவித்தன. கிருமிக்கு ஏது சமயம்? அச்சம் வெறுப்பாக வளர்ந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் உடல்களை எரிப்பது சட்டமாயிற்று. அடக்கமும் செய்யலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், 2021 பெப்ரவரியிலேதான் அனுமதி வந்தது. மார்ச்சில் ஓட்டமாவடி மண் முதல் உடல்களை ஏற்றது. பழிக்கு அஞ்சும் நோயாளி ஒளிந்துகொள்வான். ஒளிந்த நோய் ஊரெங்கும் பரவும். ஆகவே ஒலிபரப்பாளர் நோயின் குறிகளையும் காப்பு முறைகளையும் எத்தனை முறையும் சொல்லலாம். நோயாளியின் சமயத்தை ஒருமுறையும் சொல்லலாகாது.