குழந்தையின் காதுக்குள் நீர் கோத்திருக்கிறதா? சில நொடிகளில் சொல்லும் 'டிம்பனோமெட்ரி' சோதனை... 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு மட்டும் ஏன் வேறு ஒலி?

பிறந்த குழந்தைக்கு ஆஸ்பத்திரியில் செய்யப்படும் செவித்திறன் பரிசோதனையில் 'ரெஃபர்' என்று ரிசல்ட் வந்தால், வீட்டில் இரண்டு விதமான பேச்சு கிளம்பும். "பிள்ளைக்குக் காது கேட்காதாம்" என்ற அழுகை ஒரு பக்கம். "காதுல தண்ணி போயிருக்கும், தானா சரியாயிடும்" என்ற சமாதானம் இன்னொரு பக்கம். இரண்டுமே அவசர முடிவுதான். 'ரெஃபர்' என்றால் இன்னும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது மட்டுமே பொருள்.

கோளாறு நடுக்காதில் இருக்கிறதா, அதற்கும் உள்ளே உள்காதிலும் நரம்பிலும் இருக்கிறதா என்று பிரித்துச் சொல்வது ஆடியாலஜிஸ்ட்டின் வேலை. 'கேக்குது, கேக்கல' என்று சொல்லத் தெரியாத குழந்தையிடம் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

நடுக்காதில் என்னதான் நடக்கிறது?

செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும், காற்று நிரம்பிய சின்ன அறைதான் நடுக்காது. ஒலி வந்து செவிப்பறையில் மோதும்போது, அந்த அதிர்வை மூன்று குட்டி எலும்புகள் வாங்கி உள்காதுக்குக் கடத்துகின்றன. இந்த அறைக்குக் காற்று போய்வரும் வழி, மூக்கின் பின்பக்கத்தோடு இணையும் யூஸ்டேஷியன் குழாய். பெரியவர்களுக்கு இந்தக் குழாய் சாய்வாக இருக்கும். குழந்தைகளுக்குக் குட்டையாகவும், கிட்டத்தட்ட படுக்கைவசமாகவும் இருக்கும். அதனால்தான் சளி பிடித்தால் அது சீக்கிரமே காதையும் தொடுகிறது. குழாய் அடைத்துக்கொண்டால் உள்ளே இருக்கும் காற்று உறிஞ்சப்பட்டு அழுத்தம் குறையும், மெல்ல நீர் கோக்கும்.

இதில் பெரும்பாலும் வலி இருக்காது, காய்ச்சலும் இருக்காது. "கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறான்", "டிவி சவுண்டை ஏத்திக்கிட்டே போறா" என்பதுதான் வீட்டில் தெரியும் அடையாளம். அதைப் பிடிவாதம் என்று நினைத்துத் திட்டுபவர்களும் உண்டு.

டிம்பனோமெட்ரி எப்படிச் செய்யப்படுகிறது?

மென்மையான ரப்பர் முனை ஒன்றைக் காதுத் துவாரத்தில் காற்று கசியாதபடி வைப்பார்கள். அந்த முனைக்குள் ஒலி எழுப்பும் ஸ்பீக்கர், திரும்பி வரும் ஒலியைக் கேட்கும் மைக், காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பம்ப் மூன்றுக்கும் வழி இருக்கிறது. வழக்கமாக பிளஸ் 200 டெகாபாஸ்கலில் தொடங்கி மைனஸ் 400 வரை அழுத்தம் மாறும். பிளஸ் 200 என்பது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தில் சுமார் 2 சதவீதம்தான். லிஃப்டில் ஏறும்போது காது அடைக்குமே, கிட்டத்தட்ட அந்த உணர்வு.

இதன் அடிப்படை எளிமையானது. செவிப்பறையின் இரண்டு பக்கமும் அழுத்தம் சமமாக இருக்கும்போதுதான் அது நன்றாக அசையும், ஒலியை அதிகமாக உள்ளே விடும். டென்மார்க்கைச் சேர்ந்த டெர்கில்ட்சன், தாம்சன் ஆகியோர் 1959-ல் இந்த முறையை வெளியிட்டனர். 1970-ல் ஜேம்ஸ் ஜெர்கர் வகுத்த 'ஏ, பி, சி' வகைப்பாடுதான் இன்றும் ரிப்போர்ட்களில் வருகிறது. நடுவில் மலை மாதிரி ஏறி இறங்கினால் 'ஏ', நார்மல். மலை மைனஸ் பக்கம் நகர்ந்திருந்தால் 'சி', அதாவது குழாய் சரியாகத் திறக்கவில்லை. மலையே இல்லாமல் தட்டையாக இருந்தால் 'பி'.

'பி' என்றாலே நீர்தான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கிராஃபுக்குப் பக்கத்தில் காதுத் துவாரத்தின் கொள்ளளவு என்று ஒரு எண் இருக்கும். அது அந்த வயதுக்கு இயல்பாக இருந்து கோடு தட்டையாக இருந்தால், நீர் கோத்திருக்க வாய்ப்பு அதிகம். எண் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தால் செவிப்பறையில் ஓட்டை இருக்கலாம், அல்லது ஏற்கெனவே வைத்த குரோமெட் குழாய் திறந்திருக்கலாம். ரொம்பச் சின்னதாக இருந்தால் குறும்பி அடைத்திருக்கும், இல்லையென்றால் ரப்பர் முனை துவாரத்தின் சுவரில் முட்டிக்கொண்டிருக்கும். எண்ணைப் பார்க்காமல் கோட்டை மட்டும் பார்ப்பது பாதி ரிப்போர்ட்டைப் படிப்பது போலத்தான்.

226 ஹெர்ட்ஸா, 1000 ஹெர்ட்ஸா?

பெற்றோர் கவனிக்க வேண்டிய முக்கியமான இடம் இதுதான். வழக்கமான டிம்பனோமெட்ரி 226 ஹெர்ட்ஸ் என்ற தாழ்ந்த ஒலியில் நடக்கும். கடல் மட்டத்தில் ஒரு கன சென்டிமீட்டர் காற்று இந்த ஒலிக்குக் காட்டும் அளவு சரியாக 1 அலகு என்பதால், கருவியை அளவுதிருத்தம் செய்வது சுலபம். பெரியவர்களுக்கும் வளர்ந்த குழந்தைகளுக்கும் இது கச்சிதமாக வேலை செய்யும்.

ஆனால் பச்சைக் குழந்தையின் காது, பெரியவர் காதின் சின்ன மாடல் அல்ல. காதுத் துவாரத்தின் சுவரில் எலும்பு இன்னும் முழுதாக உருவாகியிருக்காது. அழுத்தம் கொடுத்தால் செவிப்பறையோடு அந்தச் சுவரும் சேர்ந்து அசையும். நடுக்காது அதிரும் விதமும் வேறு. விளைவு, உள்ளே நீர் இருந்தாலும் 226 ஹெர்ட்ஸில் அழகான ஒரு மலை தெரியலாம். "நார்மல்" என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டு, நீர் உள்ளேயே இருந்துவிடும். அதனால்தான் 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு 1000 ஹெர்ட்ஸில் சோதிக்க வேண்டும் என்று வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. சில கருவிகளில் 226 மட்டுமே இருக்கும். எந்த ஒலியில் எடுத்தார்கள் என்பது ரிப்போர்ட்டிலேயே அச்சாகியிருக்கும், தயங்காமல் கேட்கலாம்.

குழந்தை அழுதால்?

அழுதாலும், விழுங்கினாலும், பால் குடித்துக்கொண்டிருந்தாலும் கோடு குலுங்கிவிடும். கைக்குழந்தை என்றால் பால் கொடுத்துத் தூங்க வைத்த பிறகு எடுப்பதுதான் நல்லது. ஒன்றரை, இரண்டு வயசுப் பிள்ளையை அம்மா மடியில் உட்கார வைத்து, சத்தத்தை அணைத்துவிட்டு போனில் ஒரு கார்ட்டூன் காட்டினால் போதும். ஒரு காதுக்குச் சில நொடிகள்தான். ஊசி கிடையாது, மயக்க மருந்தும் தேவையில்லை.

இது 'காது கேட்கிறதா' என்ற சோதனையா?

இல்லை. நடுக்காது அசைகிறதா என்பதை மட்டுமே டிம்பனோமெட்ரி சொல்லும். கேட்கும் திறனுக்கு ஓ.ஏ.இ., பெரா என்று தனிச் சோதனைகள் இருக்கின்றன. 1978-ல் டேவிட் கெம்ப், உள்காது தானே ஒரு மெல்லிய எதிரொலியைத் திருப்பி அனுப்புகிறது என்று கண்டறிந்தார். ஓ.ஏ.இ. அந்த எதிரொலியைப் பிடிக்கிறது. ஒலி போகும்போதும் வரும்போதும் நடுக்காதைத் தாண்ட வேண்டும். அங்கே நீர் இருந்தால், உள்காது நன்றாக இருந்தாலும் எதிரொலி வெளியே வராது. பிறந்த முதல் இரண்டு நாளில் காதுக்குள் ஒட்டியிருக்கும் வெண்மெழுகுப் பூச்சும் இதே வேலையைச் செய்யும்.

சிக்கல் வருவது இங்கேதான். ஓ.ஏ.இ. வரவில்லை, டிம்பனோமெட்ரி தட்டை. உடனே "நீர்தான், பார்த்துக்கலாம்" என்று மாதக்கணக்கில் காத்திருப்பது ஆபத்து. நீரும் இருந்து, அதற்குப் பின்னால் நிரந்தரமான உள்காதுக் குறைபாடும் ஒளிந்திருக்கலாம். எலும்பு வழியாக அதிர்வைக் கொடுத்து எடுக்கும் பெரா சோதனை, நடுக்காதைத் தாண்டி நேராக உள்காதைத் தொடுகிறது. எலும்பு வழியில் நன்றாக இருந்து காற்று வழியில் மட்டும் குறைந்தால் கோளாறு நடுக்காதில். இரண்டிலும் குறைந்தால் உள்காதையோ நரம்பையோ பார்க்க வேண்டும். 1 மாதத்துக்குள் முதல் பரிசோதனை, 3 மாதத்துக்குள் நோய் கண்டறிதல், 6 மாதத்துக்குள் சிகிச்சை என்ற '1-3-6' கணக்கை மருத்துவர்கள் வலியுறுத்துவது, பேச்சு வளரும் காலம் கைவிட்டுப் போகக் கூடாது என்பதற்காகத்தான்.

நீர் மட்டும்தான் என்று உறுதியானால் பதற்றம் வேண்டாம். பெரும்பாலான குழந்தைகளுக்கு அது தானாகவே வடியும். பொதுவாக 3 மாதம் கவனித்துவிட்டு மறுபடி சோதிப்பார்கள். அப்போதும் நீடித்து, கேட்கும் திறனும் குறைந்திருந்தால் குரோமெட் வைப்பது பற்றி இ.என்.டி. டாக்டர் பேசுவார். அண்ணப்பிளவு, டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கு நீர் கோக்கும் வாய்ப்பு அதிகம், அவர்களுக்குத் தொடர் கண்காணிப்பு தேவை.

குளிப்பாட்டும்போது காதில் எண்ணெய் விடுவதும், ஊதிவிடுவதும் நம்ம ஊர்ப் பழக்கம். வெளியிலிருந்து விடும் எண்ணெய் செவிப்பறையைத் தாண்டிப் போகாது என்பதால் நடுக்காது நீருக்கு அது மருந்தே அல்ல. ஓட்டை இருந்தாலோ உள்ளே போய்த் தொற்றை உண்டாக்கும். சோதனைக்கு வரும் நாளில் எண்ணெய் இருந்தால் ரிசல்ட்டும் கெடும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் இ.என்.டி. பிரிவிலோ, மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்திலோ விசாரிக்கலாம். இன்னொரு சின்ன விஷயம், பல கருவிகள் கிராஃபைத் தெர்மல் தாளில்தான் அச்சடிக்கின்றன. பஸ் டிக்கெட் மாதிரி சில மாதங்களில் அது மங்கிவிடும். அன்றைக்கே போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்தால், 3 மாதம் கழித்து வரும் புதுக் கோட்டோடு ஒப்பிட டாக்டருக்கு உதவும்.