குடிபோதையில் வந்த வாகனமும் அடிபட்டவரின் உரிமையும்

விடுதலைப் பயண நூலின் 20 ஆம் அதிகாரத்தில் வரும் பத்துக் கட்டளைகளை நாம் மறைக்கல்வி வகுப்பிலேயே மனப்பாடம் செய்துவிட்டோம். அடுத்த அதிகாரத்தை அவ்வளவாக வாசிப்பதில்லை. அங்கே ஒரு சிறிய சட்டம் இருக்கிறது (21:18-19). ஒருவன் அடித்ததால் மற்றவன் படுக்கையில் விழுந்து, பிறகு கோலூன்றி நடமாடத் தொடங்கினால், அடித்தவன் இரண்டு காரியங்களைச் செய்ய வேண்டும். அவன் வேலைக்குப் போகாமல் இழந்த நாள்களுக்கு ஈடு கொடுக்க வேண்டும். அவன் முழுமையாகக் குணமடையச் செய்ய வேண்டும். இன்றைய விபத்து வழக்குகளில் நீதிமன்றம் முதலில் பார்ப்பதும் இந்த இரண்டைத்தான்: வருமான இழப்பு, மருத்துவச் செலவு.

ஆயினும் நம் பங்குகளில் என்ன நடக்கிறது? ஞாயிறு மாலை சுற்றுச்சாலையிலோ மேலூர், திருமங்கலம் நான்குவழிச் சாலையிலோ ஒருவர் அடிபடுகிறார். வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் போகும் கூட்டத்தின் ஓரத்தில் வண்டி இடிக்கிறது. ஓட்டியவர் குடித்திருக்கிறார். அடிபட்டவரை அரசு இராஜாஜி மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறோம், அன்பியத்தார் முறைவைத்துச் சாப்பாடு கொண்டுபோகிறார்கள், பங்கில் ஒரு தொகையும் திரட்டித் தருகிறோம். எல்லாம் நல்லதே. ஆனால் நட்ட ஈடு என்ற பேச்சை எடுத்தால் குடும்பத்தார் தயங்குகிறார்கள். "கோர்ட்டுக்குப் போனா வருசக் கணக்கா அலையணும்" என்பார் ஒருவர். "மன்னிச்சு விட்டுட்டோம் சாமி" என்பார் மற்றொருவர். மூன்றாவதாக ஒன்றைச் சொல்வார்கள், அதுதான் அதிகக் கேடு செய்கிறது: "ஓட்டுனவன் குடிச்சிருந்தான்னு எழுதிட்டா இன்சூரன்ஸ்ல ஒரு பைசா வராது."

இந்த நம்பிக்கையால் நடப்பவற்றை எண்ணிப் பாருங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுக்கும்போதே உண்மை மறைக்கப்படுகிறது. குடித்தவருக்குப் பதிலாக உரிமம் உள்ள அவரது மைத்துனர் ஓட்டியதாக எழுதப்படுகிறது. அடிபட்டவரின் குடும்பமே, "எங்களுக்குப் பணம் வந்தா சரி" என்று அந்தப் பொய்க்கு உடன்படுகிறது. பின்பு விசாரணையில் வாக்குமூலங்கள் ஒன்றோடொன்று மோதும்போது, கிடைக்க வேண்டிய பணமும் தடைபடுகிறது. தேவையே இல்லாத பொய் இது.

ஏன் தேவையில்லை? வாகனக் காப்பீட்டில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, உரிமையாளரின் சொந்த வண்டிக்கு நேரும் சேதத்துக்கானது. ஓட்டியவர் குடித்திருந்தால் காப்பீட்டு நிறுவனம் இதைத் தர மறுக்கலாம். 2021 இல் உச்ச நீதிமன்றமே ஒரு கார் வழக்கில் இதை ஏற்றுக்கொண்டது. மற்றது, மூன்றாம் நபருக்கானது. சாலையில் நடந்துபோன நீங்களும், எதிரே இருசக்கர வண்டியில் வந்த நானும்தான் அந்த மூன்றாம் நபர். நமக்காகவே இந்தக் காப்பீடு கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. உரிமையாளருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தத்தை உரிமையாளர் மீறினார் என்பதற்காக, அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடாத நம்மைத் தண்டிப்பது நியாயமாகுமா?

கேரள உயர் நீதிமன்றம் 2023 இல் இந்தக் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொன்னது. 2013 இல் ஆட்டோவில் பயணம் செய்த ஒருவர், குடிபோதையில் ஓட்டப்பட்ட கார் மோதிக் காயமடைந்தார். 4 லட்சம் ரூபாய் கேட்டார். தீர்ப்பாயம் 2 லட்சத்து 40 ஆயிரம் கொடுத்தது. போதையில் ஓட்டினால் பொறுப்பில்லை என்று பாலிசியில் இருப்பதாக நிறுவனம் வாதிட்டது. நீதிமன்றம் அந்தத் தொகையை 39,000 ரூபாய் உயர்த்தியதோடு, நிறுவனம் முதலில் காயம்பட்டவருக்குப் பணத்தைக் கொடுக்க வேண்டும், பிறகு அதை ஓட்டுநரிடமும் உரிமையாளரிடமும் வசூலித்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பளித்தது. நம் சென்னை உயர் நீதிமன்றமும் இதே வழியில் சென்றிருக்கிறது. 2017 டிசம்பரில் சென்னை திருநீர்மலைச் சாலையோரம் நடந்துபோனவர் மீது, குடித்தவர் ஓட்டிய வேன் மோதியது, அவர் இறந்துபோனார். கீழே இருந்த தீர்ப்பாயம், ஓட்டுநர் குடித்திருந்ததால் உரிமையாளரே பணம் கட்டட்டும் என்று நிறுவனத்தை விடுவித்துவிட்டது. குடும்பத்தார் மேல்முறையீடு செய்தார்கள். உயர் நீதிமன்றம் தொகையை உயர்த்தி, நிறுவனமே முதலில் கொடுத்துவிட்டுப் பின்பு உரிமையாளரிடம் வாங்கிக்கொள்ளட்டும் என்றது. 2025 ஜனவரியில் இது செய்தித்தாள்களில் வந்தது.

இதில் ஒரு நுணுக்கமும் உண்டு. 2019 ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு, போதையில் ஓட்டியதை ஒரு தற்காப்பு வாதமாக எடுத்துவைக்க நிறுவனத்துக்கு மோட்டார் வாகனச் சட்டமே இடம் தருகிறது. எனவே அவர்களது வழக்கறிஞர் கட்டாயம் அதைச் சொல்வார். அதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். 'கொடு, பிறகு வசூலி' என்ற உத்தரவை நம் வழக்கறிஞர் தெளிவாகக் கேட்க வேண்டும், அவ்வளவே.

இனி, ஒரே விபத்துக்கு இரண்டு தனித்தனி வழக்குகள் உண்டு என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். குற்ற வழக்கை நடத்துவது அரசு. இரத்தத்தில் 100 மில்லி லிட்டருக்கு 30 மில்லி கிராமுக்கு மேல் மது இருந்தால் 185 ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கு 10,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும். அந்த அபராதம் அரசுக்குப் போகிறது, அடிபட்டவருக்கு அல்ல. நட்ட ஈட்டு வழக்கு வேறு. அது 166 ஆம் பிரிவின்கீழ் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் நாம் தொடுப்பது. விபத்து எங்கே நடந்தாலும், நாம் குடியிருக்கும் இடத்துத் தீர்ப்பாயத்திலேயே தொடுக்கலாம். திண்டுக்கல் பக்கம் அடிபட்ட மதுரைக்காரர் திண்டுக்கல்லுக்கு அலைய வேண்டியதில்லை.

இந்த இரண்டாம் வழக்கில் ஓட்டுநர் குடித்திருந்தார் என்று நாம் நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் கவனக்குறைவாக ஓட்டினார் என்பது நம்பத்தக்க அளவில் தெரிந்தால் போதும். குற்ற வழக்கில் ஓட்டுநர் விடுதலையானாலும் நட்ட ஈடு போய்விடாது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற என்.கே.வி. பிரதர்ஸ் வழக்கு இதற்குச் சான்று. இரவில் சென்ற பேருந்து தாழத் தொங்கிய உயர் அழுத்த மின்கம்பியில் மோதி 8 பேர் அங்கேயே இறந்தார்கள். குற்ற வழக்கில் ஓட்டுநர் விடுவிக்கப்பட்டார். ஆனாலும் நட்ட ஈடு செல்லும் என்று 1980 இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார்.

ஆகவே உண்மையைச் சொல்லுங்கள், முதல் நாளே சொல்லுங்கள். மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் எழுதும்போது எந்த வண்டி, எந்த இடம், எத்தனை மணி என்று சரியாகச் சொல்ல வேண்டும். பதற்றத்தில் உறவினர்கள் "வண்டியிலிருந்து விழுந்துவிட்டார்" என்று சொல்லிவிடுகிறார்கள். பின்பு எதிர்த்தரப்பு அந்த ஒரு வரியையே பிடித்துக்கொள்ளும். முதல் தகவல் அறிக்கை, காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக்கடை ரசீது, ஆட்டோவுக்குக் கொடுத்த பணம் உட்பட எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். கைதான ஓட்டுநரை 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும் என்பது சட்டம். அது நடந்ததா என்று காவல் நிலையத்தில் கேட்பதில் தவறில்லை. விபத்து பற்றிய விரிவான அறிக்கையை 90 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டியதும் காவல்துறையின் கடமை.

சிகிச்சைக்குப் பணம் இல்லையே என்று யாரும் தாமதிக்கக் கூடாது. முதல் 48 மணி நேரத்துக்குத் தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 இல் வந்தது. மத்திய அரசின் 2025 ஆம் ஆண்டுத் திட்டத்தில் 7 நாளுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு.

எவ்வளவு கிடைக்கும்? எல்லாரும் கேட்கும் கேள்வி. ஓர் எடுத்துக்காட்டுக்கு, 42 வயதுக் கொத்தனார் ஒருவரை வைத்துக்கொள்வோம். மாத வருமானம் 15,000. கால் முறிந்து, உழைக்கும் திறனில் 40 சதவீதம் போய்விட்டது. எதிர்காலத்தில் உயரக்கூடிய வருமானத்துக்காக 25 சதவீதம் கூட்டினால் 18,750. ஓர் ஆண்டுக்கு 2,25,000. அந்த வயதுக்கு உச்ச நீதிமன்றம் 2009 இல் வகுத்த பெருக்கு எண் 14. பெருக்கினால் 31,50,000. அதில் 40 சதவீதம் 12,60,000 ரூபாய். மருத்துவச் செலவு, வலிக்கும் வேதனைக்கும் உரிய தொகை, உடனிருந்து பார்த்தவருக்கான செலவு ஆகியவை தனி. மருத்துவர் காலுக்குத் தரும் சதவீதமும் உழைப்பில் ஏற்பட்ட இழப்பும் ஒன்றல்ல என்று 2010 இல் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. மேசையில் அமர்ந்து கணக்கு எழுதுபவரின் முறிந்த காலும் சாரத்தில் ஏறி நிற்க வேண்டியவரின் முறிந்த காலும் சமமா? அந்தக் கொத்தனார் இனிச் சாரமே ஏற முடியாது என்றால் 40 என்பது 60 ஆகலாம். தொகை 18,90,000 ஆகிவிடும். ஆகவே என்ன வேலை செய்தோம், இப்போது எதைச் செய்ய முடியவில்லை என்று விவரமாகச் சொல்வது முக்கியம். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் தாய்மார்களுக்கும் வருமானம் கணக்கிடப்பட வேண்டும் என்று 2021 இல் உச்ச நீதிமன்றம் கூறியது. "அவங்க வேலைக்குப் போகலையே" என்று யாரும் ஒதுக்க முடியாது.

ஒரே வண்டியில் மூவர் போனோமே என்ற பயமும் பலருக்கு. மூவர் போனது குற்றம்தான். ஆனால் அதுவே விபத்துக்குக் காரணம் என்று காட்டாமல் நட்ட ஈட்டைக் குறைக்கக் கூடாது என்று 2020 இல் தீர்ப்பு வந்துள்ளது. இதைவிடக் கவலைக்குரியது வேறொன்று. கல்யாண வீட்டில் குடித்துவிட்டு வந்த நண்பரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போய் விழுந்தால், அந்த வண்டிக்கு வெறும் மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருக்குமானால், பின்னால் இருப்பவருக்கு அதில் பாதுகாப்பு இல்லை.

காலக்கெடுவுக்கு வருவோம். 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்ற விதி வந்தது. 6 மாதம் கடந்தது என்பதற்காக மட்டும் மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. இடைக்கால உத்தரவை நம்பி உட்கார்ந்திருப்பது புத்திசாலித்தனம் அல்ல. மாவு கட்டுப் பிரிக்கும் முன்பே வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள்.

எந்த வழக்கறிஞரை? மருத்துவமனை வாசலிலேயே வந்து நின்று, "ஒரு பைசா வேண்டாம், வருவதில் பங்கு கொடுத்தால் போதும்" என்று வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்பவரை அல்ல. கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவதை இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதிகளே தடை செய்கின்றன. தொகை நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கே வர வேண்டும். உச்ச நீதிமன்றமும் 2025 இல் இதையே வலியுறுத்தியது. அதேபோல, ஊர்ப் பெரியவர்கள் கூடி 20,000 ரூபாய் கொடுத்து ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி வாங்கும் சமரசத்துக்கும் அவசரப்பட வேண்டாம். மேலே சொன்ன கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

மன்னிப்பைப் பற்றி? மன்னிப்பது நம் கையில் இருக்கிறது. ஈடு செய்வது மற்றவரின் கடமை. இரண்டும் ஒன்றையொன்று தள்ளுவதில்லை. சக்கேயு இயேசுவை வீட்டில் வரவேற்ற அன்றே, ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னார். இயேசு அதை வேண்டாம் என்று தடுக்கவில்லை. குடித்துவிட்டு வாகனம் ஓட்டிப் பிறருக்கு ஆபத்து விளைவிப்பது கனமான குற்றம் என்று திருச்சபையின் மறைக்கல்வி ஏடு (எண் 2290) கூறுகிறது. சாலை அறநெறி பற்றி 2007 இல் வத்திக்கான் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஓட்டுநர்களுக்கான பத்துக் கட்டளைகள் இருந்தன. விபத்தில் சிக்கியவர்களின் குடும்பத்துக்குத் துணைநிற்பதும், குற்றம் செய்த ஓட்டுநரையும் பாதிக்கப்பட்டவரையும் தக்க நேரத்தில் ஒன்றுசேர்த்து மன்னிப்பின் விடுதலையை உணரச் செய்வதும் அதில் இடம்பெற்றவை. தக்க நேரம் என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆறு மாதமாகக் கூலி இல்லாமல், பள்ளிக் கட்டணம் கட்ட முடியாமல் இருக்கும் வீட்டில் போய், "மன்னித்துவிடுங்கள், வழக்கு வேண்டாம்" என்று அறிவுரை சொல்வது தக்க நேரமாகத் தெரியவில்லை. மூட்டை தூக்கி அவர்களது வீட்டுக்கு அரிசி கொண்டுபோகும் அன்பியம், ஒருநாள் அவர்களோடு நீதிமன்றத்துக்கும் போகலாமே?

பணமில்லாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தார், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடித்தால் பணம் விரைவாக வரும், ஆனால் அங்கே முடித்ததன் மேல் மேல்முறையீடு இல்லை. சம்மதிக்கும் முன் தொகையை யோசித்துச் சொல்லுங்கள். தீர்ப்பாயம் கொடுத்தது குறைவு என்று பட்டால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். முன்பெல்லாம் அதற்குச் சென்னைக்கு இரவு ரயில் ஏற வேண்டியிருந்தது. 2004 ஜூலை 24 முதல் உயர் நீதிமன்றக் கிளை நம் மதுரையிலேயே இயங்குகிறது.