துருவும் சில்வர் ஓக்கும்

காபித் தோட்டத்துக்கு எது பெரிய கேடு, இலைத்துருவா, சில்வர் ஓக்கா? கீழ்ப்பழனி மலையில் இப்படிக் கேட்டால் என்னைப் பார்த்துச் சிரிப்பாங்க. ஒண்ணு நோய், இன்னொண்ணு காசு தரும் மரம். ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் வேணும்.

துரு ஒரு பூஞ்சை. உயிருள்ள இலையில் மட்டும்தான் பிழைக்கும். இலையின் அடிப்பக்கம் ஈரம் நின்றால் வித்து முளைத்து, இலைத்துளை வழியாக உள்ளே போகும். அப்புறம் ஆரஞ்சுப் பொடி தெரியும், இலை உதிரும், அடுத்த வருசக் காய்ப்பு குறையும். 1869-ல் இலங்கையில் தென்பட்ட இந்த நோய்தான் அங்கே காபியை அழித்து, தேயிலைக்கு இடம் விட்டது. மலை மலையாக ஒரே பயிர் நின்றதால் காற்றில் வந்த வித்துக்கு எங்கே விழுந்தாலும் சாப்பாடு.

சில்வர் ஓக் கிழக்கு ஆஸ்திரேலியாவின் மரம். நெட்டுக்கு வளரும், மிளகுக்கொடி நல்லா ஏறும், தடிக்கு விலை உண்டு. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சருகு சீக்கிரம் மக்காது. கல்யாண முருங்கை மாதிரி தழைச்சத்தை மண்ணில் சேர்க்காது. பலாவையும் அத்தியையும் வெட்டி வித்துட்டு இதையே நட்டால், தோட்டம் ஒரே மரமாகிப் போகுது.

இங்கேதான் இரண்டும் சேருது. துரு செய்யும் சேதம் கண்ணுக்குத் தெரியுது, மருந்து தேடுறோம். மரங்கள் போனதால் வரும் நட்டம் எந்தக் கணக்கிலும் வர்றதில்லை.

மெக்சிகோ காபித் தோட்டங்களில் ஆய்வாளர்கள் ஒரு சங்கிலியைப் பார்த்திருக்காங்க. நிழல் மரத்தில் எறும்பு கூடு கட்டும். அது காபிச் செடியில் பச்சைச் செதில் பூச்சியைக் காக்கும். அந்தப் பூச்சி மேல் ஒரு வெள்ளைப் பூஞ்சை வரும். அதே வெள்ளைப் பூஞ்சை துருவையும் பிடிக்கும். துருவுக்கு எதிரியை வளர்ப்பதே நிழல் மரம்தான்.

அதுக்காக நிழலை அடர விட்டாலும் இலை காயாது, லாபம் துருவுக்குத்தான். நான் மழைக்கு முன்னே கிளை கழித்து வெளிச்சமும் காற்றும் விடுறேன். கழித்த தழை மூடாக்காகுது. சில்வர் ஓக்கை வேலி ஓரத்தில் வைத்திருக்கேன், நடுவில் பலா, அத்தி, கல்யாண முருங்கை.

உங்க பலாவுக்கு வியாபாரி விலை பேச வந்தால், தடியின் விலையோடு நிழல், மூடாக்கு, பழம் எல்லாத்தையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்க. அப்புறம் பதில் சொல்லுங்க.