மிக்ஸியில் சாக்லேட் மூஸ்... பச்சை முட்டை வேண்டவே வேண்டாம்!

மே மாத லீவில் பெரம்பலூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். "சித்தி, இந்த வருஷம் பொறந்த நாளுக்கு கேக் வேணாம். சாக்லேட் மூஸ் செஞ்சு குடுங்க" என்று அக்கா மகள் செல்போனை நீட்டினாள். வீடியோவில் ஒரு வெளிநாட்டுப் பெண்மணி, நாலு முட்டையின் வெள்ளைக்கருவை நுரை பொங்க அடித்து, உருக்கிய சாக்லேட்டில் கலந்து, கிண்ணங்களில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டார். அவ்வளவுதான். முட்டை அடுப்புப் பக்கமே போகவில்லை!

எனக்கு உறுத்தியதும் அதுதான்.

'மூஸ்' என்றால் பிரெஞ்சு மொழியில் நுரை. சாக்லேட்டுக்குள் குட்டிக் குட்டிக் காற்றுக் குமிழ்களை அடைத்து வைத்தால் அது மூஸ். குமிழ் உடையாமல் பிடித்து வைக்க ஏதாவது வேண்டுமல்லவா? அதற்குத்தான் முட்டை வெள்ளைக்கரு. சிலர் க்ரீம் சேர்ப்பார்கள். இரண்டுமே நம் ஊருக்கு ஒத்து வராது என்பது என் அனுபவம்.

முதலில் முட்டையைப் பார்ப்போம். பெரம்பலூர்க்காரர்களுக்கு முட்டை ஒன்றும் அந்நியப் பொருள் இல்லை. இங்கே விளையும் மக்காச்சோளம் கோழித் தீவனமாகி, நாமக்கல் பக்கத்துக் கோழிகளின் வயிற்றுக்குள் போய், முட்டையாகத் திரும்பி வருகிறது! நல்ல முட்டைதான். ஆனால் எந்த ஊர் முட்டையானாலும் சால்மோனெல்லா என்ற பாக்டீரியா இருக்க வாய்ப்பு உண்டு. "நான் கழுவிட்டுத்தானே உடைக்கிறேன்" என்பீர்கள். அது ஓட்டின் மேலே மட்டும் இருந்தால் சரி. கோழிக்கே அந்தத் தொற்று இருந்தால், ஓடு உருவாகும் முன்பே முட்டைக்குள் புகுந்துவிடும். மேலே எத்தனை முறை தேய்த்துக் கழுவி என்ன பயன்?

வெள்ளையும் மஞ்சளும் கெட்டியாகும்வரை வேக வைத்தால் அந்தக் கிருமி செத்துவிடும். ஃப்ரிட்ஜ் அதைக் கொல்லாது, தூங்கத்தான் வைக்கும். கிண்ணத்தை வெளியே எடுத்து, விருந்தாளிகள் வரட்டும் என்று ஒரு மணி நேரம் மேஜையில் வைத்தீர்களோ, அது எழுந்துகொள்ளும். நம் ஊர் மே மாத வெயிலில் சீக்கிரமே எழுந்துகொள்ளும்! சாப்பிட்டு 6 மணி நேரத்திலிருந்து 3 நாட்களுக்குள் காய்ச்சல், வயிற்று வலி, வாந்தி, பேதி. பெரியவர்கள் பெரும்பாலும் சில நாளில் தேறிவிடுவார்கள். சின்னக் குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள், சர்க்கரை நோயாளிகள் பாடுதான் திண்டாட்டம். உடம்பில் நீர் வற்றி ஆஸ்பத்திரியில் சேர்க்கும் நிலை வரலாம்.

இது வெறும் பூச்சாண்டி இல்லை. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸைத் தயாரிக்கவும் விற்கவும் கூடாது என்று 2025 ஏப்ரலில் தமிழக அரசு ஓராண்டுக்குத் தடை போட்டது. தெலங்கானா அதற்கு முன்பே, 2024 அக்டோபர் இறுதியில் தடை விதித்தது. மயோனைஸும் பச்சை முட்டை மூஸும் இந்த விஷயத்தில் அண்ணன் தம்பிதான். கடைக்காரருக்குச் சட்டம் சொன்னது நம் வீட்டு அடுப்படிக்கும் பொருந்தும் இல்லையா?

சரி, முட்டை வேண்டாம், க்ரீம் போடலாமே என்று அரியலூரில் தோழி வீட்டில் ஒருமுறை இறங்கினேன். அட்டை டப்பாவில் வரும் 'ஃப்ரெஷ் க்ரீம்' இருக்கிறதே, அதை மிக்ஸியில் ஊற்றி இரண்டு நிமிஷம் ஓட்டினேன். மூடியைத் திறந்தால்... தண்ணீர் தனி, வெண்ணெய்த் துணுக்குகள் தனி! தோழியின் மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, "மோர் கடைஞ்சியா கண்ணு?" என்றார். மானமே போயிற்று.

பிறகுதான் காரணம் புரிந்தது. அந்த க்ரீமில் கொழுப்பு 25 சதவீதம்தான். நுரைத்து நிற்க 30 சதவீதத்துக்கு மேல் வேண்டும். அதுவும் நன்றாகச் சில்லென்று இருக்க வேண்டும். சூடு ஏறினால் கொழுப்புத் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டி வெண்ணெயாகிவிடும். மிக்ஸியின் பிளேடு வேகமாகச் சுற்றும்போது அதுவே சூட்டைக் கிளப்பும். நம் பாட்டிமார்கள் விடியற்காலைக் குளிர்ச்சியில் தயிர் கடைந்ததற்குக் காரணம் இருந்தது. பெரம்பலூரும் அரியலூரும் 2007-ல் தனித்தனி மாவட்டமாகிவிட்டாலும் வெயில் மட்டும் இன்னும் பிரியவில்லை. சாக்லேட்டில் இருக்கும் கோகோ வெண்ணெயே சுமார் 34 டிகிரியில் உருகிவிடும். சித்திரை மாதத்தில் அலமாரியில் வைத்த சாக்லேட்டைத் தொட்டுப் பாருங்கள், தெரியும்.

பிறகு எப்படித்தான் செய்வது? அரியலூர் மாவட்டத்திலேயே விடை இருக்கிறது. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறைப் பக்கமெல்லாம் முந்திரிக்காடு. முந்திரியை ஊற வைத்து மை போல அரைத்தால் க்ரீம் மாதிரியே வழவழப்பாகும். பாயசத்துக்கும் குருமாவுக்கும் காலங்காலமாக நாம் செய்வதுதானே! முழு முந்திரி வாங்கிக் காசைக் கரியாக்காதீர்கள். அரைக்கத்தானே போகிறோம், உடைந்த முந்திரியே போதும். ஒன்று மட்டும் கவனம். தோட்டத்திலிருந்து வந்த பச்சைக் கொட்டையை வீட்டில் உடைக்க வேண்டாம். அந்த ஓட்டிலுள்ள எண்ணெய் பட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும். பக்குவம் செய்து தோல் நீக்கிய பருப்பாகவே வாங்குங்கள்.

இனி செய்முறை. எட்டுச் சின்னக் கிண்ணங்களுக்கு 100 கிராம் முந்திரி, 100 கிராம் டார்க் சாக்லேட், காய்ச்சிய பால் 150 மில்லி, சர்க்கரை 2 மேஜைக் கரண்டி, இனிப்பில்லாத கோகோ பவுடர் ஒரு மேஜைக் கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. உப்பை விட்டுவிடாதீர்கள், சாக்லேட்டின் ருசியைத் தூக்கிக் கொடுப்பதே அதுதான். சாக்லேட் வாங்கும்போது உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். 'கோகோ பட்டர்' என்று இருக்க வேண்டும். அதற்குப் பதில் தாவரக் கொழுப்பு என்று போட்டிருந்தால் அது 'காம்பவுண்ட்' ரகம். விலை குறைவு, ஆனால் நாக்கில் மெழுகு மாதிரி ஒட்டும்.

முந்திரியைக் கொதிநீரில் ஒரு மணி நேரம் ஊற வைத்து வடித்துவிடுங்கள். 50 மில்லி ஆறிய பாலோடு மிக்ஸியின் சின்ன ஜாரில் போட்டு அரையுங்கள். நடுநடுவே நிறுத்தி, ஓரத்தில் ஒட்டியதை வழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். இரண்டு விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநறவென்று இருக்கக் கூடாது. இதில் அவசரப்பட்டால் மூஸ் சாப்பிடும்போது ரவை சாப்பிடுவது போலிருக்கும்!

மீதி 100 மில்லி பாலில் சர்க்கரை, கோகோ, உப்பு சேர்த்துக் கொதிக்க விட்டு இறக்குங்கள். துண்டு துண்டாக நறுக்கிய சாக்லேட்டில் அதை ஊற்றி, இரண்டு நிமிஷம் கழித்துக் கலக்கினால் பளபளவென்று உருகிவிடும். இப்போதுதான் கவனமாக இருக்க வேண்டிய இடம். இந்தக் கலவையைச் சூடாக ஜாரில் ஊற்றி மூடி ஓட்டவே கூடாது. உள்ளே ஆவி அடைத்து, மூடியைத் தூக்கி எறிந்து, கை முகமெல்லாம் வெந்துவிடும். விரல் வைத்தால் சுடாத அளவுக்கு ஆறட்டும். அதன் பிறகு முந்திரி விழுதோடு சேர்த்து அரை நிமிஷம் ஓட்டி, ஒரு பாத்திரத்தில் வழித்து மூடி, ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் வையுங்கள். இட்லி மாவு பதத்துக்குக் கெட்டிப்படும். இல்லையென்றால் இன்னும் அரை மணி நேரம் வைத்தால் ஆயிற்று.

இனிதான் நுரை. பல மிக்ஸிகளோடு வெட்டாத, மழுங்கலான ஒரு பிளேடு தருவார்கள். தயிர் கடைய என்று சொல்லிக் கொடுப்பதை நாம் பரண் மேல் போட்டிருப்போம். அதைத் தேடி எடுங்கள். ஜாரையும் அதையும் பத்து நிமிஷம் ஃப்ரீஸரில் வைத்துவிட்டு, கெட்டிப்பட்ட கலவையைப் போடுங்கள். தொடர்ந்து ஓட்டாமல், ஸ்விட்சைத் திருப்பித் திருப்பி விட்டு இரண்டிரண்டு வினாடியாக ஐந்தாறு முறை சுற்றினால் போதும். கரும்பழுப்பு நிறம் வெளிறி, பால் காபி நிறத்துக்கு வரும். காற்று உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். உடனே நிறுத்துங்கள், ஆசைப்பட்டு இன்னொரு சுற்று விட்டால் என் க்ரீம் கதைதான்! கிண்ணங்களில் போட்டு மூன்று மணி நேரம் குளிர வைத்துப் பரிமாறலாம். முட்டை மூஸ் அளவுக்குப் பஞ்சாக இருக்காது. ஆனால் வாயில் போட்டதும் வெண்ணெயாகக் கரையும். அக்கா மகள் இரண்டாவது கிண்ணம் கேட்டாள்.

கொடுக்கவில்லை! ஒரு கிண்ணத்தில் சுமார் 160 கலோரி இருக்கிறது, ஏறக்குறைய மூன்று இட்லிக்குச் சமம். "வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலா நாட்டுச் சர்க்கரை போட்டா சுகர்காரங்க சாப்பிடலாம்தானே?" என்று அக்கா கேட்டாள். ரத்தத்துக்கு இரண்டும் சர்க்கரைதான். சுகர் இருப்பவர்கள் இரண்டு ஸ்பூன் ருசி பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளட்டும். கோகோவில் காபியில் இருப்பது போலவே கொஞ்சம் கேஃபீன் உண்டு. ராத்திரி பத்து மணிக்குக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு "தூங்க மாட்டேங்கிறான்" என்று புலம்பாதீர்கள். பிறந்த நாளுக்கு வரும் குழந்தைகளில் யாருக்காவது முந்திரி, பாதாம் அலர்ஜி உண்டா என்று அவர்கள் அம்மாவிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. முந்திரி சேர்த்திருப்பது பார்த்தால் தெரியாது.

முட்டை இல்லை என்பதால் வாரக்கணக்கில் வைக்கலாம் என்று நினைக்க வேண்டாம். பாலும் முந்திரியும் இருக்கிறதே! மூடி வைத்து இரண்டு நாளில் தீர்த்துவிடுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து சாயந்திரம் வரை கரன்ட் நிறுத்தும் நாளில் இதைச் செய்யவே செய்யாதீர்கள். கரன்ட் போன பிறகு, திறக்காத ஃப்ரிட்ஜ் நாலு மணி நேரம்தான் குளிர்ச்சியைத் தாங்கும். எங்கள் அக்கா வீட்டில் பிறந்த நாளன்று அந்த அறிவிப்பு பேப்பரில் வந்திருந்தது. முதல் நாள் ராத்திரியே செய்து, காலை எட்டரைக்கே எல்லோருக்கும் ஸ்பூனைக் கையில் கொடுத்துவிட்டோம். இட்லிக்கு முன்னால் மூஸ்!