எண் ஏலமும் ஏலமலையும்

ஏழு! வெறும் ஏழு! முன்னால் மூன்று சுழி, முடிவில் ஓர் ஏழு. அந்த ஏழை (ஏழை எளியவரைச் சொல்லவில்லை தோழர்களே, ஏழு என்ற எண்ணைத்தான் சொல்கிறேன்), அந்த ஏழை வாங்க ஒரு செல்வர் கேட்ட விலை ஏறத்தாழ 46 லட்சம் ரூபாய்!

2025 ஏப்ரலில், எறணாகுளத்து வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் நடத்திய ஏலத்தில் நடந்தது இது. எண், கே.எல். 07 டி.ஜி. 0007. அதை மாட்டிக்கொள்ள இருந்த வண்டி லம்போர்கினி உருஸ். கோடிக்கணக்கில் விலை பெறும் வண்டிக்குக் கண்ட எண்ணும் வரலாமா? திரைப்பட உளவாளி ஜேம்ஸ் பாண்டின் எண் அல்லவா வர வேண்டும்! வண்டிக்கேற்ற எண், எண்ணுக்கேற்ற வண்டி! பெண்ணுக்கும் பிள்ளைக்கும் பத்துப் பொருத்தம் பார்த்துப் பழகிய நாடு, இப்போது மோட்டாருக்கும் பொருத்தம் பார்க்கிறது.

ஏலம் என்றால் எறணாகுளத்தாருக்கு இது நினைவுக்கு வரலாம். கம்பத்திலும் கூடலூரிலும், தேவாரத்திலும் போடியிலும் வாழும் நம் தோழர்களுக்கு ஏலம் என்றால் நினைவுக்கு வருவது வேறு. அது செடியிலே காய்ப்பது, மலையிலே விளைவது, நம் தாய்மார்கள் மழையிலும் அட்டைக்கடியிலும் குனிந்து பறிப்பது. அங்கே ஏலம் கேட்டு எண் எடுக்கிறார்கள். இங்கே ஏலம் பறித்துக் கூலி எடுக்கிறார்கள். ஒரு நாள் கூலி 500 ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள்; ஆண்டுக்கு 300 நாள் வேலை கிடைப்பதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காசும் உண்ணாமல், உடுக்காமல் சேர்த்தால், அந்த ஏழு கைக்கு வர 30 ஆண்டு போதாது!

இந்தப் பித்து நம் நாட்டுக்கு மட்டும் பிடித்ததன்று. 2014 நவம்பரில் இங்கிலாந்து அரசு நடத்திய ஏலத்தில், 25 என்ற எண்ணும் அதையடுத்து 'ஓ' என்ற ஆங்கில எழுத்தும் கொண்ட பலகை, கட்டணங்கள் உட்பட 5 லட்சத்து 18 ஆயிரம் பவுண்டுக்குப் போயிற்று. காரணம்? 'ஓ' எழுத்து சுழி போல இருக்கும். சேர்த்துப் படித்தால் 250. வாங்கியவரிடம் இருந்ததோ ஃபெராரி 250! காரின் பெயரையே காரின் நெற்றியில் எழுத, ஐந்து லட்சம் பவுண்டு. துபாயில் 2023 ஏப்ரலில் 'பி 7' என்ற பலகை 5.5 கோடி திர்ஹாமுக்குப் போனது. அந்தப் பணம் பசித்தோருக்கு உணவளிக்கும் திட்டத்துக்கு என்றார்கள். அதையாவது போகட்டும் என்று விடலாம்.

அரியானாவில் நடந்ததுதான் வேடிக்கை. எச்.ஆர். 88 பி 8888. இடையிலுள்ள 'பி' எழுத்தும் ஆங்கிலத்தில் எட்டு போலவே தோன்றும். ஆக, பலகை முழுவதும் எட்டு! அரசு வைத்த தொடக்க விலை 50 ஆயிரம். 2025 நவம்பரில் அது 1 கோடியே 17 லட்சம் வரை ஏறிற்று. பணம் கட்டும் நாளும் வந்தது; கேட்டவர் கட்டவில்லை! அங்கே எட்டுக்குக் கோடி. இங்கே? கூட்டுத்தொகை எட்டு வந்தால் சனியன் என்று சொல்லி வேறு எண்ணுக்கு மனுப் போடுகிறவர்கள் எத்தனை பேர்! ஒரே எட்டு, வடக்கே அதிர்ஷ்டம், தெற்கே ஆபத்தா? அந்த எட்டுக்குத் தெரியுமா தான் எந்த மாநிலத்தில் இருக்கிறோம் என்று? தேனி மாவட்டத்தில் மலைப்பாதை வளைவில் வண்டி கவிழ்வது பிரேக் பிடிக்காததால், கூட்டுத்தொகையால் அல்ல.

எண்ணை வளைத்து எழுத்தாக்கும் கலையும் உண்டு. 8055 என்பதைச் சற்று வளைத்தால் ஆங்கிலத்தில் 'பாஸ்', அதாவது முதலாளி. 214 என்பதை நெளித்தால் இந்தியில் 'ராம்'. 4141 என்றால் தகப்பனைக் குறிக்கும் இந்திச் சொல். 2019 ஏப்ரல் முதல் புது வண்டிகளுக்கெல்லாம் ஒரே அச்சில் வார்த்த உயர் பாதுகாப்புப் பலகைதான் என்று சட்டம் வந்தபின், இந்த நெளிவு சுளிவுகளுக்கு இடம் குறைந்துவிட்டது.

ஆனால் தோழர்களே, எண்ணை எழுத்தாக்க வளைக்கவும் வேண்டாம், நெளிக்கவும் வேண்டாம் என்ற ஒரு மொழி இருக்கிறது. அது நம் மொழி! தமிழில் எண்ணே எழுத்து. ஒன்று என்பது க. இரண்டு என்பது உ. ஐந்து என்பது ரு. ஏழு என்பது எ. எட்டு என்பது அ. அளவும் கணக்கும் தமிழில் எழுதிய நம் பாட்டன்மார் வடிவம் இது. ஔவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடல் ஒன்றிலே எட்டையும் காலையும் எழுத்தாக்கி எதிரியை வைத குறும்பை, பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் அறிவார்கள்.

இந்தக் கணக்கைப் பலகையில் போட்டுப் பாருங்கள். உத்தமபாளையத்து உழவர் ஒருவர் வயலுக்குத் தொழுவுரம் அடிக்க டிராக்டர் வாங்குகிறார், எண் 75. தமிழில் எழுதினால் எ, ரு: 'எரு'! எரு வண்டிக்கு எரு என்றே எண்! நிறைமாதப் பெண்ணை மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வண்டிக்கு 15 கிடைக்கிறது. எழுதினால் க, ரு: 'கரு'! ஃபெராரிக்காரர் ஐந்து லட்சம் பவுண்டு கொட்டிப் பெற்ற பொருத்தத்தை, நம் கம்பம் பள்ளத்தாக்கு உழவன் காசு கொடுக்காமல் பெறலாம்.

பெறலாம், ஆனால் சட்டம் விடாது! 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 50ஆம் விதி என்று ஒன்று இருக்கிறது. பதிவுக்குறியின் எழுத்துகள் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், எண்கள் இன்று உலகெங்கும் வழங்கும் 1, 2, 3 வடிவில் இருக்க வேண்டும் என்பது அதன் கட்டளை. தமிழில் எழுதினால் அபராதம். தமிழன் உழைத்து வாங்கிய வண்டி, தமிழன் வரி கட்டிப் போட்ட சாலை, தமிழ் படித்த போலீஸ்காரர், இத்தனையும் இருந்தும் பலகையில் மட்டும் தமிழ் குற்றம்!

உடனே ஒருவர் எழுவார்: "என்னய்யா, 1, 2, 3 என்ற எண்ணையும் எதிர்க்கிறீர்களா?" இல்லை அய்யா, இல்லை. 1949இல் அரசியல் நிர்ணய சபையில், தேவநாகரி எண்கள்தான் வேண்டும் என்று இந்தி அன்பர்கள் அடம்பிடித்தபோது, உலகம் வழங்கும் எண்களே போதும் என்று வாதாடியவர்கள் தென்னாட்டு உறுப்பினர்கள். அந்த எண் இருக்கட்டும். அதன் கீழே, அதன் பக்கத்தில், தமிழும் இருக்கட்டும் என்கிறோம். அரியானாப் போலீஸ்காரர் ஆங்கிலத்தைப் படித்துக்கொள்ளட்டும். ஆண்டிபட்டிக்காரர் தமிழைப் படித்துக்கொள்ளட்டும். நடக்காத காரியமா? சவூதி அரேபியாவில் ஒரே பலகையில் அரபு எழுத்தும் ஆங்கில எழுத்தும் இருக்கின்றன; அங்கே பாடுபட்டுத் திரும்பிய நம் ஊர்ப் பிள்ளைகளைக் கேளுங்கள். வங்காளதேசத்தில் பலகை வங்க எழுத்தில். தாய்லாந்தில் தாய் எழுத்தில். அங்கெல்லாம் வண்டி ஓடவில்லையா?

இரண்டே எழுத்துத்தானே, இதற்கென்ன இத்தனை முழக்கம் என்பவர்கள், இப்போதிருக்கும் அந்த இரண்டு ஆங்கில எழுத்து வந்த கதையைக் கேட்கட்டும். அந்நாளில் இந்த மாநிலத்து வண்டிப் பலகைகள் 'எம்' என்ற எழுத்தில் தொடங்கின. மாநிலத்துக்குப் பெயர் மெட்ராஸ். தமிழ்நாடு என்று பெயர் வை என்று கேட்டு, விருதுநகரில் 1956 ஜூலை 27 அன்று உண்ணாநோன்பு தொடங்கிய தியாகி சங்கரலிங்கனார், அக்டோபர் 13 அன்று உயிரையே விட்டார். பேரறிஞர் அண்ணா முதலமைச்சரானார்; 1967 ஜூலை 18 அன்று சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது; 1969 ஜனவரி 14 அன்று தமிழ்நாடு என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது. அடுத்த பிப்ரவரி 3 அன்று அண்ணன் நம்மை விட்டுப் பிரிந்தார். இன்று உங்கள் மொபெட்டின் பின்னால் 'டி.என்.' என்று இருக்கிறதே, அதன் விலையை எந்த ஏலத்தில் கேட்பது?

அதோடு சேர்ந்த 60 என்ற எண்ணும் சும்மா வந்ததன்று. மதுரையிலிருந்து பிரித்துத் தேனியைத் தனி மாவட்டமாக்கும் ஆணை 1996இல், கலைஞர் ஆட்சியில் பிறந்தது. அதன்பின் நம் வண்டிகளுக்கு டி.என். 60. குமுளிச் சாவடியில் நின்று பார்த்தால் தெரியும்: மலைக்குக் கீழே டி.என்., மலைக்கு மேலே கே.எல்.! தேவிகுளமும் பீர்மேடும் நமக்கு வேண்டும் என்று அன்று எழுந்த கோரிக்கை நிறைவேறாமல், 1956 நவம்பர் 1 அன்று அவை கேரளத்தோடு சேர்ந்ததன் அடையாளம், ஒவ்வொரு வண்டியின் நெற்றியிலும் எழுதியிருக்கிறது.

பலகையிலுள்ள ஓர் எழுத்து நாட்டையே எரிக்கும் என்பதற்கு இலங்கையைக் காண்க. 1957இல் அங்கே வண்டிப் பலகைகளில் சிங்கள 'ஸ்ரீ'யைப் புகுத்தினார்கள். தமிழர் பகுதிகளில் அதைத் தார் பூசி அழித்தார்கள், தமிழெழுத்தைப் பொறித்தார்கள். பதிலுக்குத் தெற்கே தமிழ்ப் பெயர்ப் பலகைகளுக்குத் தார். 1958 ஏப்ரலில் பண்டாரநாயகா, தந்தை செல்வாவோடு செய்த ஒப்பந்தத்தைக் கிழித்தெறிந்தார். மே மாதம் தமிழர் குருதி ஓடிற்று. ஒருவன் மொழியை ஒருவன் நெற்றியில் ஒட்டும் வேலை அது. நாம் கேட்பது நம் நெற்றியில் நம் எழுத்துக்கு ஓர் இடம்; அவ்வளவே.

எழுத்தைப் பற்றி இவ்வளவு சொன்னேன். பலகையின் நிறத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாட்டாளித் தோழர்களுக்கு நான் எழுதியதில் பயனில்லை. ஏனெனில் வண்டிக்கும் பலகைக்கும் உண்மையான பொருத்தம் அங்கேதான் இருக்கிறது. அது தப்பினால் அழுவது ஏழைக் குடும்பம்.

வெள்ளைப் பலகை சொந்த உபயோகத்துக்கான வண்டிக்கு. மஞ்சள் பலகை வாடகைக்கு ஓடும் வண்டிக்கு. மின்சார வண்டிக்குப் பச்சை. விடியுமுன் கம்பத்திலும் கூடலூரிலும் போடியிலும் ஜீப்புகள் வரிசையாக நிற்கும். சோற்று வாளியோடு தாய்மார்கள் ஏறுவார்கள். கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் வண்டன்மேட்டுக்கும் நெடுங்கண்டத்துக்கும் பூப்பாறைக்கும் போவார்கள். அந்த ஜீப்பின் பலகை என்ன நிறம் என்று ஏறுகிறவர் பார்ப்பதில்லை. வெள்ளைப் பலகை ஜீப்பில் கூலிக்கு ஆள் ஏற்றினால் அது பெர்மிட் இல்லாத வாடகை வண்டி. வளைவில் கவிழ்ந்தால் என்ன ஆகும்? இன்சூரன்ஸ் கம்பெனி வழக்கு மன்றத்துக்கு வரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 150ஆம் பிரிவைக் காட்டும். 2019 திருத்தத்துக்கு முன் அது 149ஆம் பிரிவு. பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டினார்கள், பாலிசி நிபந்தனையை மீறினார்கள், நாங்கள் பொறுப்பல்ல என்று வாதாடும். முதலில் நீ கொடு, பிறகு உரிமையாளரிடம் வசூல் செய்துகொள் என்று தீர்ப்பு வருவதும் உண்டு. அதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும். தாயை இழந்த பிள்ளை பள்ளியை விட்டுவிடும்.

மஞ்சள் பலகையே ஆனாலும் இன்னோர் எண் இருக்கிறது: வண்டியில் எத்தனை பேர் உட்காரலாம் என்று ஆர்.சி. புத்தகத்தில் எழுதிய எண். பத்துப் பேர் போக வேண்டிய வண்டியில் இருபது பேரை அடைத்தால், கம்பெனியின் பொறுப்பு அனுமதித்த ஆள் எண்ணிக்கை அளவுக்குத்தான் என்று உச்சநீதிமன்றம் 2007இல் தீர்ப்பளித்தது. பத்துப் பேருக்கு உரிய தொகையை இருபது குடும்பம் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்! மீதியை ஜீப் உரிமையாளரிடம் கேட்க வேண்டும். அவரோ கடனில் ஜீப் வாங்கியவர்; கேட்டால் என்ன கிடைக்கும்?

காலையில் இத்தனை பேர் மலையேறுகிறார்கள் என்று தெரிந்தும் அதற்கேற்ப அரசுப் பேருந்து விடாதவர்கள், ஜீப் ஓட்டுநர்மீது மட்டும் குற்றம் சாட்டுவது நியாயமன்று. எஸ்டேட் முதலாளிக்கு ஆள் வேண்டும், நேரத்துக்கு வேண்டும்; ஆள் எப்படி வருகிறாள் என்பது பற்றிக் கவலையில்லை. எல்லையின் இருபக்கத்து அரசுகளும் அமர்ந்து பேசி, தொழிலாளர் வண்டிக்கென்றே எளிய கட்டணத்தில் பெர்மிட் கொடுத்து, பேருந்தும் விட்டால் என்ன?

அது வரும்வரை, கிளைக்கழகத் தோழர்கள் ஒரு வேலை செய்ய வேண்டும். வாரத்தில் ஒரு நாள் வைகறை நான்கு மணிக்கு எழுந்து, உங்கள் ஊரில் ஜீப் நிற்கும் இடத்துக்குப் போங்கள். பலகை மஞ்சளா என்று பாருங்கள். பெர்மிட் கேரளத்துக்கும் செல்லுமா, இன்சூரன்ஸ் எந்தத் தேதியோடு முடிகிறது, ஆர்.சி.யில் எத்தனை ஆள் என்று ஓட்டுநரிடம் அன்போடு கேளுங்கள். அதை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஏறுகிற தாய்மார்களின் பெயரையும், எந்த எஸ்டேட்டுக்குப் போகிறார்கள் என்பதையும் அதே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.