தையல் பிரித்தால் வைத்தியம் முடிந்ததா?



மீன் வெட்டும் அரிவாள்மனை, பிரஸ் மெஷின், தகரம், கண்ணாடி என்று நம்ம பகுதியில் கைக்கு ஆபத்தான வேலைகள்தான் அதிகம். கையில் அடிபட்டால் கூலி நிற்கும், குழுக்கடன் தவணையும் தள்ளிப்போகும். தையல் போட ஓடுகிறோம், தையல் பிரித்ததும் ஆஸ்பத்திரியை மறந்துவிடுகிறோம். விரல் மடங்காமல் விறைத்துப் போவது அதற்குப் பிறகுதான். இதைத் தடுப்பது பிசியோதெரபி, அதாவது இயன்முறை மருத்துவம்.

நம்ம ஊரிலேயே இருக்கிறது

ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்று தனிப் பிரிவு 1971-ல் தொடங்கியது. டாக்டர் ஆர். வெங்கடசாமி அதைத் தொடங்கினார். ஆபரேஷன் பாதி, அதற்குப் பிறகு கொடுக்கும் பயிற்சி மீதி என்பதுதான் கை வைத்தியத்தின் அடிப்படை.

வேலூர் சி.எம்.சி. டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அவர் முடங்கிவிடவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆபரேஷன் செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்து அந்தத் துறைக்கே தலைமை ஏற்றார். அங்கே மறுவாழ்வு நிலையம் 1966-ல் திறக்கப்பட்டது.

அசைவு ஏன் மருந்து?

“நரம்பு அறுந்துடுச்சு” என்று பொதுவாகச் சொல்கிறோம். அதில் இரண்டு வகை உண்டு. விரலை இழுத்து மடக்குவது தசைநாண். அது அறுந்தால் விரல் மடங்காது, அல்லது நீளாது. உணர்ச்சி தருவதுதான் நரம்பு. அது அறுந்தால் மரத்துப்போகும். இரண்டில் எது தெரிந்தாலும் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தைத்த தசைநாண் ஆறும்போது பக்கத்துச் சதையோடு ஒட்டிக்கொள்ளும். அசைக்காமலே வைத்திருந்தால் விரல் விறைத்துவிடும். அவசரப்பட்டு இழுத்தால் தையல் அறுந்துவிடும். எந்த நாளில், எவ்வளவு, எந்தப் பக்கம் அசைக்கலாம் என்று கணக்குப் பார்த்துச் சொல்பவர்தான் பிசியோதெரபிஸ்ட். அவர் எண்ணெய் போட்டு நீவி விடுபவர் இல்லை. உடம்பின் எலும்பு, தசை, நரம்பு பற்றிப் பட்டப்படிப்பு படித்தவர்.

“நீங்க என்ன வேலை செய்றீங்க?” என்று அவர் கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள். குடம் தூக்கவா, மீன் வெட்டவா, தையல் மெஷின் ஓட்டவா என்பதைப் பொறுத்துப் பயிற்சி மாறும். தசைநாண் தைத்த கையால் குடம் தூக்க, துணி பிழிய சுமார் 12 வாரம் ஆகும். டாக்டர் சொல்லும் நாள்தான் கணக்கு.

மறக்கக் கூடாதவை

* காயத்தில் மஞ்சள், காபித்தூள் வைக்காதீர்கள். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தி வையுங்கள்.
* விரல் துண்டானால் ஈரத்துணியில் சுற்றி பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டுங்கள். அந்தக் கவரை ஐஸில் வையுங்கள். விரல்மேல் ஐஸ் நேராகப் படக் கூடாது.
* கொடுத்த சிம்பு அட்டையை (ஸ்பிளிண்ட்) நீங்களாகக் கழற்றாதீர்கள்.
* பயிற்சியின்போது இழுப்பது போன்ற லேசான வலி இருக்கலாம். சுருக்கென்ற வலி, வீக்கம், காய்ச்சல் இருந்தால் உடனே போய்க் காட்டுங்கள்.
* இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்கள் வேலையில் அடிபட்டால், சான்றிதழ் பெற்று, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் வரை உதவித்தொகை கேட்கலாம்.
* 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் பிசியோதெரபியும் சேர்க்கப்பட்டது. விவரத்தை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

குழு என்ன செய்யலாம்?

பெரும்பாலும் பயிற்சியை நிறுத்த வைப்பது வலி இல்லை, வீட்டு வேலைதான். “தண்ணி யாருக்கா பிடிப்பாங்க?” என்று அடிபட்ட தங்கச்சி கேட்பாள். அந்தக் குடத்தை முறைபோட்டு நாம் தூக்கலாம். பயிற்சி நாளில் ஒருத்தர் துணைக்குப் போகலாம். தவணைக்கு அவகாசம் கொடுப்பதைத் தீர்மானமாகவே எழுதலாம். அடுத்த கூட்டத்தில் இதைப் பேசி முடிவெடுங்கள்.