கால்நடைக் காட்சியும் குடியானவர் பிள்ளைகளும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மத்திய மேற்குப் பிரதேசத்தில், அயோவா, இந்தியானா, ஒஹாயோ முதலிய மாநிலங்களில், கோடைக்காலம் குடியானவர் குடும்பங்களுக்கு இருவகையில் முக்கியமானது. மக்காச்சோளம் கதிர் வாங்குவதும் அக்காலமே. கவுண்டி எனப்படும் வட்டாரந்தோறும் விவசாயக் கண்காட்சி கூடுவதும் அக்காலமே. இக்கண்காட்சிகளில் கால்நடைகளைக் களத்திற்குள் நடத்தி வருவோரில் பலர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள் இருப்பின், மூத்தவன் ஒரு காளையையும், அடுத்த பெண் இரண்டு பன்றிகளையும், கடைக்குட்டி ஒரு செம்மறிக் குட்டியையும் தத்தம் பொறுப்பில் வளர்ப்பது அங்கே சாதாரணம். இவ்வழக்கம் தோன்றிய விதமும், அதிலுள்ள வேலையும், அதனால் விளையும் நன்மை தீமைகளும் கீழே விளக்கப்படுகின்றன.

காட்சிகளும் சங்கங்களும்

1807ஆம் வருஷத்தில் எல்கானா வாட்ஸன் என்பவர் மாஸாசூஸெட்ஸ் மாநிலத்துப் பிட்ஸ்பீல்டு நகரின் பொதுவிடத்தில் இரண்டு மெரினோ ஆடுகளை நிறுத்திக் காட்டினார். அவற்றின் கம்பளியைக் காண ஜனங்கள் திரண்டதைக் கண்ட அவர், 1810இல் பலருடைய கால்நடைகளையும் ஒருங்கே கூட்டி ஒரு காட்சி நடத்தினார். அடுத்த வருஷம் அவ்வூரைச் சூழ்ந்த பெர்க்ஷயர் பகுதிக்கு ஒரு விவசாயச் சங்கமும் ஏற்பட்டது. 1841இல் நியூயார்க் மாநிலத்துச் சிரக்கியூஸ் நகரில் மாநிலக் கண்காட்சி தொடங்கியது. அயோவா மாநிலக் கண்காட்சி 1854இல் தொடங்கியது.

பிள்ளைகள் இதிற் சேர்ந்தது பின்னர். 1902ஆம் வருஷத்தில் ஒஹாயோவில் ஏ. பி. கிரஹாம் என்னும் பள்ளிக்கூட அதிகாரி, சிறுவர் சிறுமியரைக் கூட்டி ஒரு விவசாயச் சங்கம் அமைத்தார். பல மாநிலங்களிலும் மக்காச்சோளச் சங்கம், தக்காளிச் சங்கம், பன்றிச் சங்கம் எனப் பல கிளைத்தன. விவசாய போதகர்கள் இவற்றை ஆதரித்ததற்குக் காரணம் உண்டு. புதிய விதையையோ புதிய தீவன முறையையோ வயது வந்த குடியானவர் எளிதில் நம்புவதில்லை. ஆனால் மகன் ஒரு மூலையில் பயிரிட்ட சோளம் தகப்பன் வயலைவிட அதிகம் விளைந்தால், மறுவருஷம் தகப்பனும் அவ்விதையையே தேடினான். 1914ஆம் வருஷத்து ஸ்மித்-லீவர் சட்டத்தினால் விவசாயக் கல்லூரிகளின் பிரசார வேலைக்குச் சர்க்கார் பணம் கிடைத்தது. சங்கங்களும் அதனுடன் இணைந்தன. தலை, இதயம், கை, ஆரோக்கியம் என்பவற்றின் ஆங்கிலப் பெயர்கள் நான்கும் 'எச்' எழுத்தில் தொடங்குவதால் இவை 'நாலு-எச்' சங்கங்கள் எனப் பெயர் பெற்றன. நான்கிலைக் குளோவர் இவற்றின் சின்னம்.

கணக்கிலே தொடங்கும் வேலை

காட்சி ஆகஸ்டில் நடந்தாலும், காளைக்குரிய வேலை முந்திய இலையுதிர் காலத்திலேயே தொடங்கும். பால் மறந்த, ஏறக்குறைய 600 ராத்தல் எடையுள்ள, காயடித்த கன்றை அப்பொழுதே தெரிந்தெடுப்பர். அது நாளொன்றுக்கு 2½ ராத்தல் வீதம் வளர்ந்தால் 280 நாளில் 1,300 ராத்தலை எட்டும். பன்றிக்குட்டியை வசந்த காலத்தில் வாங்கினாற் போதும். செம்மறிக் குட்டிகள் பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச்சு வரை பிறந்தவை. குறித்த தேதிக்குள் பிராணி பிள்ளையின் உடைமையாகிக் காதில் எண் பொறித்த வில்லை மாட்டப்பட வேண்டும் என்பது பொதுவான விதி. கடைசி வாரத்தில் சிறந்ததொன்றை விலைக்கு வாங்கி வந்து நிறுத்துவதை இவ்விதி தடுக்கிறது.

பன்றி வளர்க்கும் சிறுமி செய்யவேண்டிய கணக்கைப் பார்ப்போம். குட்டியின் எடை 60 ராத்தல். காட்சியன்று 270 ராத்தல் இருத்தல் நலம். இடையிலுள்ள நாட்கள் 105. ஆகவே நாளொன்றுக்கு 2 ராத்தல் ஏற வேண்டும். ஒரு ராத்தல் எடை ஏற ஏறக்குறைய 3 ராத்தல் தீவனம் செல்லும்; மொத்தம் 630 ராத்தல். இரண்டு வாரத்திற்கொரு முறை நிறுத்துப் பார்த்து, எடை பின்தங்கினால் தீவனத்தைத் திருத்த வேண்டும், மிஞ்சினாலும் திருத்தவேண்டும். ஏனெனில், அளவுக்கு மீறிக் கொழுத்த பன்றியை நடுவர் விரும்புவதில்லை.

கோடையின் தினசரி வேலை

பள்ளி விடுமுறை தொடங்கியதும் வேலை இரட்டிக்கும். விடியுமுன் எழுந்து தொட்டிகளைக் கழுவித் தீனி வைத்துப் படுக்கை வைக்கோலை மாற்றவேண்டும். கடுங்கோடையில் கொழுத்த காளையொன்று நாளொன்றுக்கு 15 முதல் 20 காலன் வரை தண்ணீர் குடிக்கும். தண்ணீர் குறைந்தால் தீனி குறையும், தீனி குறைந்தால் எடை நிற்கும். பகல் வெயிலில் காளையைக் காற்றாடியுள்ள கொட்டகையில் வைத்து, இரவில் வெளியே விடுவர். தினமும் நீராட்டி, ரோமத்தை வாரி உலர்த்துவர். பன்றிக்கு வேர்வையினால் உடலைக் குளிர்வித்துக் கொள்ளும் சக்தி இல்லை. ஆதலால் அதை அதிகாலையிலோ அந்தியிலோதான் நடத்திப் பழக்குவர். நண்பகலில் ஓட்டினால் உயிருக்கே அபாயம்.

பழக்குவதில் ஒவ்வொரு ஜாதிக்கும் ஒரு முறை உண்டு. காளையைக் கன்றாயிருக்கும் போதே தலைக்கயிறு போட்டுக் கட்டிப் பழக்குவர். நடத்துபவன் அதன் இடப்பக்கம் நின்று கயிற்றைப் பிடித்து, நீண்ட கோலினால் அதன் கால்களை ஒழுங்காய் நிறுத்துவான். செம்மறியைக் கயிறின்றித் தாடையின் கீழ்க் கைவைத்தே நடத்துவர். பன்றிக்குக் கயிறும் இல்லை, பிடியும் இல்லை. சிறு கோலால் மெல்லத் தட்டித் திருப்புவதொன்றே வழி. ஆயிரத்து முந்நூறு ராத்தல் காளையை நூறு ராத்தல் சிறுவன் பலத்தினால் அடக்க இயலாது. பல மாதம் தினந்தோறும் பழகிய பழக்கமே அதைப் பின்தொடரச் செய்கிறது. இவ்வேலையில் ஒரு வாரம் சோம்பியவன் எவன் என்பது களத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

களத்தில் நடப்பது

போட்டி இருவகைப்படும். ஒன்றில் பிராணியின் தசைப்பற்று, கொழுப்பின் அளவு, கால்களின் உறுதி, நடை ஆகியவை பார்க்கப்படும். மற்றதில் பிராணியை விட்டு, அதை நடத்தும் பிள்ளையின் திறமையே மதிக்கப்படும். நடுவர் அருகே வந்து, 'இதன் எடை என்ன? தீவனத்தில் புரதச் சத்து எவ்வளவு?' என்று கேட்பார். தகப்பன் தீனி வைக்கும் வீட்டுப் பிள்ளை இங்கே விழிக்கும். முடிவில் நடுவர் தம் தீர்ப்பின் காரணங்களை எல்லோரும் கேட்கச் சொல்வார். கற்பதற்கு இதுவே சிறந்த நேரம். முதற் பரிசுக்கு நீல நாடா, இரண்டாவதற்குச் சிவப்பு, மூன்றாவதற்கு வெள்ளை. ஒருவரோடொருவரை ஒப்பிடாமல், குறித்த தரத்தை எட்டிய யாவருக்கும் நீல நாடா வழங்கும் முறையும் பல இடங்களில் கையாளப்படுகிறது.

ஏலமும் பிரிவும்

காட்சியின் இறுதியில் இறைச்சிக்குரிய பிராணிகள் ஏலமிடப்படும். உள்ளூர் வியாபாரிகளும் வங்கிகளும் பிள்ளைகளை ஊக்குவிக்கும் பொருட்டுச் சந்தை விலைக்கு மேலேயே கேட்பது வழக்கம். ஆதலால் கணக்குப் புத்தகத்தில் ஏல விலை, சந்தை விலை இரண்டையும் எழுதிப் பார்ப்பது நன்று. கன்றின் விலை, தீவனம், வைக்கோல், வைத்தியச் செலவு, நுழைவுக் கட்டணம் இவற்றைக் கூட்டிச் சந்தை விலையிற் கழித்தால் நஷ்டமே தோன்றக் கூடும். அந்நஷ்டத்தை மறைக்காமல் எழுதக் கற்ற பிள்ளை, வளர்ந்த பின் ஊராரின் தயவை லாபமென்று எண்ணிக் கடனில் விழான்.

ஏலம் முடிந்ததும் அப்பிராணிகள் வீடு திரும்புவதில்லை; கசாப்புக்கே செல்கின்றன. பத்து மாதம் கையால் தீனி தின்ற காளையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு பிள்ளைகள் அழுவது ஒவ்வொரு காட்சியிலும் காணக்கூடியது. இதற்குப் பரிகாரம் ஏமாற்றுவதன்று. வாங்கிய நாளிலேயே முடிவு இன்னதென்று சொல்லிவிடுவதே அனுபவமுள்ள பெற்றோர் கைக்கொள்ளும் முறை. 'அது நன்றாயிருந்தவரை உன் கையில் குறையொன்றும் காணவில்லை' என்பதே அவர்கள் சொல்லும் ஆறுதல். மனம் இளகிய பிள்ளைக்குக் கிடாரிக் கன்றைக் கொடுப்பவர்களும் உண்டு. கிடாரி காட்சி முடிந்து வீடு திரும்பும். ஈன்று, அப்பிள்ளையின் சொந்த மந்தைக்கு முதலாகும்.

எச்சரிக்கைகள்

பரிசு பெரிதாகும்போது பேராசையும் பெரிதாகிறது. மிக அதிக விலைக்குக் கன்று வாங்குவதும், கூலிக்கு ஆள் வைத்து ரோமம் திருத்துவதும், தடுக்கப்பட்ட மருந்துகளைச் செலுத்துவதும் சில இடங்களில் நேர்ந்ததுண்டு. ஆகவே மருந்துச் சோதனையும் கடும் விதிகளும் ஏற்பட்டுள்ளன. மருந்து கொடுத்த பிராணியைக் குறித்த நாட்கள் கழியுமுன் விற்கக் கூடாதென்பது உண்பவரின் நலனைக் காக்கும் விதி.

நோய்ப் பயமும் உண்டு. 2012ஆம் வருஷக் கோடையில் பன்றிகளிடமிருந்து ஒருவகை இன்புளூயென்ஸா ஜுரம் 300 பேருக்கு மேல் தொற்றியது. இந்தியானா, ஒஹாயோ மாநிலங்களில் அது மிகுதி. நோயுற்றோரில் பெரும்பாலோர் கண்காட்சிக்குச் சென்ற சிறுவர்கள். இதன் பின், பன்றிக் கொட்டகையில் உண்ணலாகாது, வெளிவந்ததும் சோப்பிட்டுக் கைகழுவ வேண்டும், 5 வயதிற்குட்பட்ட குழந்தைகளும் 65 வயது கடந்தோரும் கர்ப்பிணிகளும் அக்கொட்டகையைத் தவிர்க்க வேண்டும் என்னும் போதனைகள் வலியுறுத்தப்பட்டன. 2024இல் கறவைப் பசுக்களிடையே பறவைக் காய்ச்சல் கண்டபோது, அவற்றைச் சோதித்த பின்னரே காட்சிக்கு அனுமதிக்கும் விதியைச் சில மாநிலங்கள் ஏற்படுத்தின.

பெற்றோர் கவனிக்க வேண்டுவன

பிள்ளைக்குப் பிராணியொன்றை ஒப்புவிக்கும் குடியானவர் எந்நாட்டவராயினும் நான்கு விஷயங்களைக் கவனித்தல் வேண்டும். பிள்ளையின் வயதிற்கும் பலத்திற்கும் ஏற்ற பிராணியையே கொடுக்க வேண்டும். தீவனமும் எடையும் செலவும் பிள்ளையின் கையெழுத்திலேயே பதிவாக வேண்டும். பெரியவர் காவல் இருக்கலாமேயன்றி வேலையைப் பறித்துக் கொள்ளலாகாது. பிராணி நோயுற்றாலும் இறந்தாலும் காரணத்தை ஆராய வேண்டும். பிள்ளையைத் தண்டித்தலால் பயனில்லை. இவ்வாறு நடத்தினால் நாடா கிடைப்பினும் கிடையாவிடினும், மழையாயினும் வெயிலாயினும் வாயில்லா ஜீவனுக்கு முதலில் தண்ணீர் வைத்துவிட்டுத் தான் உண்ணும் பழக்கம் பிள்ளைக்கு அமையும். நல்ல குடியானவனுக்குரிய முதற் குணம் அதுவே.